நல்ல ஆளை ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்க வைப்பது எப்படி?

"நல்லவன் எவன்யா எலெக்‌ஷன்ல நிக்கிறான்?" என்று அலுத்துக்கொள்ளாத ஊர் கிடையாது. நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் 2011-ல் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊரே மதிக்கிற ஒருவரைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினோம், நாலாவது இடம் வந்தார். 2019-ல் இன்னொருவரை நிறுத்தினோம், 11 ஓட்டில் ஜெயித்தார். அந்த இரண்டு தடவையும் பட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கு இதில் வழி தேடாதீர்கள், அங்கே யார் நிற்பது என்பது கட்சி சீட்டுக் கொடுக்கிற இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

கிராம ஊராட்சி அப்படி இல்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டுசாவி, ஆட்டோ என்று மாநிலத் தேர்தல் ஆணையம் ஒதுக்குகிற சின்னம்தான். கட்சிக்காரர்கள் பின்னால் நிற்பார்கள், அது ஊருக்கே தெரியும். ஆனாலும் மொத்தமே இரண்டாயிரம் மூவாயிரம் ஓட்டு இருக்கிற இடத்தில், எல்லா வீட்டுக்கும் நடந்து போகத் தெம்புள்ள பத்துப் பேர் இருந்தால் காற்றின் திசையைக் கொஞ்சம் மாற்றலாம்.

முதலில் யார் நல்ல ஆள் என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் நாங்கள் முதல் தடவை கோட்டை விட்டோம். ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரைப் பிடித்தோம். கை சுத்தம், படித்தவர், கந்துவட்டி இல்லை, குடி இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள் என்பதையும், அவருக்கு யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கமே இல்லை என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கே தெரியும், யோசிச்சு நல்ல முடிவா எடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்து, "வாத்தியார் ஓட்டு கேட்க வந்தாரா, வீட்டுப்பாடம் கொடுக்க வந்தாரா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு நிற்கவே விருப்பமில்லை. எங்கள் தொந்தரவு தாங்காமல் ஒத்துக்கொண்டார். ஆசையே இல்லாதவரைத் தள்ளிவிட்டு நிறுத்தாதீர்கள். பதவி மேல் கொஞ்சம் ஆசை இருப்பது குற்றம் இல்லை, எதற்காக ஆசை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்லவருக்குத் தகுதிப் பட்டியல் போடுவது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெட்டிய கல்வெட்டு இன்னும் இருக்கிறது. குடவோலையில் பெயர் போட வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு என்று போகிறது பட்டியல். மேடையில் இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை என்பதையும், ஊரில் மற்ற எல்லோரும் வெளியேதான் நின்றார்கள் என்பதையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. முன்பு வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கிற குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகாது, அவனுடைய நெருங்கிய உறவுக்காரன் பெயரும் போகாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்களுக்கும் எங்கே அரிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாம் தடவை நாங்கள் அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டோம். ஊரில் பொதுப் பணத்தைக் கையில் வாங்கி, செலவழித்து, மிச்சத்தைத் திருப்பிக் காட்டியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதினோம். மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர், பால் சொசைட்டிக்காரர், திருவிழா வரிப் பணம் வசூலித்து அடுத்த வாரமே மைக்கில் கணக்கு வாசித்தவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தவர். மொத்தம் ஒன்பது பேர் தேறினார்கள், அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நாங்களே நினைக்கவில்லை. அப்புறம் இன்னொரு கேள்வி: போன கோடையில் மேல்நிலைத் தொட்டி மோட்டார் காயில் எரிந்தபோது ஜனங்கள் யாருக்குப் போன் போட்டார்கள்? தலைவர் வேலையில் பெரும்பகுதி தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை. காலை ஐந்தரைக்குப் போனை எடுக்காத மேதை அந்த நாற்காலிக்கு ஆக மாட்டார்.

படிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்காகத் தள்ளவும் வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் தலைவராக வந்த இளங்கோ ரங்கசாமி கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அதே 1996-ல் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறையில் தலைவரான சண்முகம் பள்ளிப் படிப்போடு நின்றவர். அவர் காலத்தில் அந்த ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி ஒன்றரைக் கோடிக்கு மேல் செலவழித்து 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது, ஊர்த் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றது. இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்த எந்தச் சான்றிதழும் உதவாது.

ஒரே பெயரை நம்பி உட்காராதீர்கள்

இடஒதுக்கீடு சுழற்சி முறையில் வருகிறது. உங்கள் ஊர் இந்த முறை பொதுவா, பெண்கள் பொதுவா, ஆதிதிராவிடரா, ஆதிதிராவிடர் பெண்ணா என்பது அரசிதழில் வந்த பிறகுதான் தெரியும், அதற்கும் வேட்புமனு தாக்கலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. ஆகையால் நோட்டில் நான்கு தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயராவது இருக்க வேண்டும். எங்கள் ஊர் 2019-ல் பெண்கள் பொது என்று வந்ததும், அதுவரை தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த இரண்டு காண்டிராக்டர்களும் ஒரே நாளில் தங்கள் மனைவி படம் போட்ட பிளெக்ஸ் அடித்தார்கள். ஒரு பிளெக்ஸில் கணவர் படம் பெரியதாகவும் வேட்பாளர் படம் அஞ்சல்தலை அளவிலும் இருந்தது.

எங்கள் நோட்டில் மகளிர் குழுக் கணக்கு எழுதும் அக்கா இருந்தார். ஆனால் சும்மா போய்க் கேட்டதும் தலையாட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருஷம் முன்பே பேச ஆரம்பிக்க வேண்டும். முதல் தடவை போனபோது அக்கா சிரித்துவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். மூன்றாவது தடவைதான் உட்கார்ந்து பேசினார். அவர் சொன்ன காரணங்களைத்தான் எல்லா ஊரிலும் நல்ல ஆட்கள் சொல்வார்கள்: பணம் இல்லை, வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், பங்காளிகளோடு பகை வரும், ஜெயித்தாலும் கையெழுத்துப் போட வைத்து மாட்டிவிடுவார்கள். இதில் எதுவுமே சாக்கு இல்லை, எல்லாம் நிஜம். "நாங்க இருக்கோம்க்கா" என்று மொட்டையாகச் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லுங்கள். பணம் வசூல் இவர், மனு வேலை இவர், பெரியப்பா வீட்டில் போய்ப் பேசுவது இவர், ஜெயித்த பிறகு மாதாமாதம் பில்லையும் கணக்கையும் கூட உட்கார்ந்து பார்ப்பது இவர். அக்காவின் வீட்டுக்காரரிடமும் பேசினோம், ஆனால் முதலில் அக்காவிடம் பேசினோம். இந்த வரிசை மாறினால், ஜெயித்த பிறகு அலுவலக நாற்காலியில் யார் உட்காருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருமானத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தலைவர் மதிப்பூதியம் அக்கா வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய், பிறகு இரண்டாயிரம் ஆனது. அந்த ஆயிரத்துக்காகப் பதினைந்து லட்சம் செலவழிக்க ஒருவர் தயாராக இருந்தால் அவர் எங்கே திருப்பி எடுப்பார்? வேலை ஒப்பந்தம், வீட்டுமனை, கட்டட அனுமதி. பதவியை விரட்டி வருகிறவர்களில் பாதிப் பேரின் கணக்கு இதுதான். நல்ல ஆளுக்கோ தறியோ, தையலோ, இரண்டு மாடோ, ஏதாவது சொந்த வரும்படி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வருஷம் அவரும் வழுக்குவார், அதற்கு நாமும் பொறுப்பு.

ஏலம்

சில ஊர்களில் "ஒருமனதாத் தேர்ந்தெடுத்துட்டோம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். கோயில் கட்ட யார் அதிகம் தருவதாகச் சொன்னார் என்று மெதுவாக விசாரியுங்கள். பதவியை ஏலம் விடுவது சட்டவிரோதம், மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது, ஆனாலும் நடக்கிறது. கூட்டத்தில் எழுந்து கத்துவதால் பிரயோசனம் இல்லை. உங்கள் ஆளைக்கொண்டு மனு தாக்கல் செய்துவிடுங்கள், இரண்டாவது மனு ஒன்று செல்லுபடியாகி, வாபஸ் வாங்காமலும் இருந்தால் ஓட்டெடுப்பு நடந்தே தீர வேண்டும். மனு போடவிடாமல் தடுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. நல்லவர்கள் தேர்தலுக்கு வருவதில்லை என்று பேசும்போது, வந்தவர்களை என்ன செய்தோம் என்பதை மறந்துவிடுகிறோம். மதுரை மாவட்டம் மேலவளவு ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டபோது நின்று ஜெயித்த முருகேசன், 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார், அவரோடு சேர்த்து ஆறு பேர். அதே மாவட்டத்தில் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்து வருஷம் தேர்தலை உருப்படியாக நடத்தவே முடியவில்லை. மனு போட ஆள் இருக்காது, போட்டாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006-ல் உதயச்சந்திரன் ஆட்சியராக இருந்தபோதுதான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. உங்கள் ஊரில் அந்த வாடை கொஞ்சம் அடித்தாலும், ஒருவரை உசுப்பேற்றி முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் திண்ணையில் உட்காராதீர்கள். ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் மனு தாக்கலுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். ஆதிக்க சாதியில் பிறந்தவர் நீங்கள் என்றால் முன்மொழிந்து கையெழுத்துப் போடுங்கள், கூட நடந்து போங்கள். அதற்குத் தைரியம் இல்லையென்றால் அந்த மனிதரை நிற்கச் சொல்லும் யோக்கியதையும் நமக்கு இல்லை.

மனு, பணம், ஓட்டு

மனு விஷயம் சலிப்பானது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வயது 21 ஆகியிருக்க வேண்டும், அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், ஊராட்சிக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருக்கக் கூடாது, ஊராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் எதுவும் இருக்கக் கூடாது. வழக்கு, சொத்து, கடன், படிப்பு பற்றிய உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வைப்புத்தொகை 2019-ல் தலைவருக்கு 600, ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 300. முன்மொழிகிறவரின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் அச்சடித்த பட்டியலை வைத்து ஒப்பிடுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு நல்ல பையனின் மனு இதில்தான் போனது, பழைய பட்டியலில் இருந்த எண்ணை எழுதிவிட்டார்கள். மாற்றாக வீட்டில் ஒருவரையும் மனு போட வையுங்கள்.

செலவு வரம்பு அப்போது தலைவருக்கு 34,000 ரூபாய். நாங்கள் வீட்டுக்கு இருநூறு என்று வாங்கினோம். ஐந்தாயிரம் தருகிறேன் என்று வந்த இரண்டு பேரிடமும் இருநூறுதான் வாங்கினோம், அதில் ஒருவருக்கு இன்னும் கோபம். கொடுத்தவர் பெயரையும் செலவையும் வெள்ளைத்தாளில் எழுதி டீக்கடைப் பலகையில் தினமும் ஒட்டினோம். இருநூறு கொடுத்த வீடு பிறகு நமக்காகப் பக்கத்து வீட்டில் பேசும், இதை நான் கண்ணால் பார்த்தேன். ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள் என்று மட்டும் பிரசங்கம் பண்ணாதீர்கள். முதல் தேர்தலில் வாத்தியார் அதைச் செய்தார், "எங்கள என்ன நினைச்சீங்க" என்று சண்டையே வந்தது. வாங்கினவர்கள் எல்லோரும் கொடுத்தவனுக்கே போடுவதில்லை, அதனால் யார் வாங்கினார் என்ற ஆராய்ச்சியே வேண்டாம். எல்லா வீட்டுக்கும் மூன்று தடவை போங்கள், அதில் ஒரு தடவையாவது வேட்பாளர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு எந்த வீட்டில் என்று கேள்வி வரும். எல்லா வீட்டிலும்தான்.

அப்புறம் செல்லாத ஓட்டு. கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாலு சீட்டு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயதானவர்கள் ஒரே சின்னத்தை எல்லாச் சீட்டிலும் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் எதன் மேலாவது குத்துவார்கள். மை காயும் முன்னால் தாறுமாறாக மடித்தால் இன்னொரு சின்னத்தின் மேல் அப்பிக்கொள்ளும். அக்கா கலர்த்தாள் வாங்கி அந்த அளவுக்கு வெட்டி, குழுக் கூட்டங்களில் பாட்டிகளுக்கு மடிக்கப் பழக்கினார். முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காக. எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. எண்ணிக்கை அன்று இரவு ஒன்றரை மணிக்கு எங்கள் ஊர் இளஞ்சிவப்புக் கட்டில் செல்லாதது அறுபத்து மூன்று என்று வந்தது. வித்தியாசம் 11. எதிர்த்தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது, மறுபடியும் 11. சமமாக வந்திருந்தால் குலுக்கல், அதாவது உத்திரமேரூருக்கே திரும்பிப் போயிருப்போம்.

ஜெயித்த அன்றே தொடங்குகிற வேலை

எங்களுடைய பெரிய தவறு இங்கே. தலைவர், தலைவர் என்றே அலைந்தோம், வார்டுகளை விட்டுவிட்டோம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்த்தரப்பிலிருந்து துணைத் தலைவர் வந்தார். முதல் ஏழு மாதம் பம்ப் ஆபரேட்டர் சம்பளத்துக்குக்கூடக் கெஞ்ச வேண்டியிருந்தது. "பாதி எனக்கு" என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்" என்று மட்டும் சொல்வார், அதுவும் ஏழு மாதமாக. நீங்கள் தலைவருக்கு ஒரு ஆளைத் தேடும்போதே பாதிக்கு மேல் வார்டுகளுக்கும் ஆள் தேடிவிடுங்கள்.

தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாமல் ஆகிவிடலாம். நல்லவர்கள் தோற்ற வருத்தத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஆள் ஜெயித்துவிட்டார் என்று வீட்டில் தூங்கினால் அங்கே அவரைச் சுற்றி நிற்பது யார்? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு. குத்தம்பாக்கத்தில் இளங்கோ, அதிகாரிகள் சொன்ன மாதிரிக் கட்டாமல் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கழித்துப் போட்ட கல்லை வைத்துச் சாக்கடை கட்டி மிச்சம் பிடித்தார், அதற்காகவே இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்ற பிறகுதான் பதவி திரும்பக் கிடைத்தது. எங்கள் அக்கா மேலும் மொட்டைக் கடுதாசி போனது. மே 1 கூட்டத்தில் அவர் இரண்டு வருஷப் பில்களையும் சாக்கு விரித்துப் பரப்பி வைத்தார், மகளிர் குழு நோட்டு எழுதுவது போலவே தேதி வாரியாக. விசாரிக்க வந்த அதிகாரி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அக்காவின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. மறுபடியும் நிற்கச் சொன்னால், "போதும்ப்பா, முட்டி வலிக்குது" என்கிறார், ஆனால் நோட்டை எடுத்து வந்து யார் யார் பெயர் இருக்கிறது என்று அவரே பார்க்கிறார். நாலு தலைப்பில் மூன்றுக்குப் பெயர் எழுதிவிட்டோம். ஆதிதிராவிடர் பெண் என்ற தலைப்பின் கீழ் இன்னும் காலியாக இருக்கிறது. காலனியில் நூறு நாள் வேலைக்கு அட்டை பதிகிற பொண்ணு ஒன்று இருக்கிறது, போன மாதம் வருகைப் பதிவில் இரண்டு பொய்ப் பெயர் சேர்க்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறோம். முதல் தடவை சிரித்துவிட்டு டீ போடப் போய்விடும் என்று நினைக்கிறேன்.